பர்ஸில் லோகோ பதித்தல்: ஒரு பித்தளை டை, இரண்டு வகைத் தோல்

வேலை சிறியதுதான். இரண்டாக மடியும் ஆண்கள் பர்ஸின் வெளிப்பக்கத்தில், வலது கீழ் மூலையில், 24 மி.மீ. அகலமும் 14 மி.மீ. உயரமும் உள்ள ஒரு லோகோ. மேலே கோட்டுச் சின்னம், அதற்குக் கீழே தமிழில் கடையின் பெயர். மாடல் ஒன்றே, தோல் மட்டும் இரண்டு. ஒன்று 1.4 மி.மீ. தடிமனுள்ள, சாயம் போடாத வெஜ் டேன் மாட்டுத்தோல், அதாவது மரப்பட்டை, காய் போன்ற தாவரப் பொருளால் பதனிட்டது. மற்றது 1.2 மி.மீ. குரோமிய உப்பால் பதனிட்ட, மேற்பூச்சு கொடுத்த கறுப்புத் தோல். இரண்டுக்கும் ஒரே டைதான் (லோகோ செதுக்கிய உலோக அச்சு), முறைதான் வேறு: வெஜ் டேனுக்குத் தண்ணீர், குரோமுக்குச் சூடு. லோகோ பதிப்பதில் வரும் கோளாறுகளில் பலவற்றுக்கும் டையையோ பிரஸ்ஸையோ குறை சொல்லிப் பயனில்லை. கையில் இருப்பது எந்தத் தோல் என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவதுதான் காரணம்.

தோலைப் பார்ப்பது

சென்னை பெரியமேட்டில் துண்டு வாங்கினாலும் ஆம்பூர், வாணியம்பாடி தொழிற்சாலைகளில் மிச்சமான பீஸ் வாங்கினாலும், வருவது பெரும்பாலும் குரோம் தோல்தான். ஷூ மேல்பாகத்துக்குப் பதனிட்டது. ஆவாரம் பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை போன்றவற்றால் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் திண்டுக்கல், ஈரோடு பக்கம் இன்னும் கிடைக்கிறது. விற்பவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டிக்கொண்டு பாருங்கள்.

முதலில் வெட்டுமுகம். வெஜ் டேன் மேலிருந்து கீழ்வரை பழுப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். குரோம் தோலில் சாயம் நடுவரை ஏறாமல் இருந்தால், அங்கே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். சாயம் முழுக்க ஏறியிருந்தால் இது தெரியாது. அப்போது ஒரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். வெஜ் டேன் சுருண்டு, காய்ந்த பிறகு பலகைபோல விறைத்துவிடும். குரோம் பெரிதாக மாறாது. காரணம் எளியது: ஈரமான வெஜ் டேன் தோல் 70 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே சுருங்கத் தொடங்கும், குரோம் 100 டிகிரியைத் தாங்கும். இந்த ஒரு எண் பின்னால் வரும் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஈரம் உள்ள வெஜ் டேன் மேல் 110 டிகிரி டையை வைத்தால் எழுத்தைச் சுற்றித் தோல் இழுத்துக்கொண்டு சுருக்கம் விழுகிறதே, அது இதனால்தான்.

இன்னொன்று தண்ணீர்ச் சொட்டு. மேல்பக்கத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அது சட்டென்று உள்ளே இறங்கி நிறம் கறுத்தால் தண்ணீர் முறை வேலை செய்யும். முத்தாக மேலேயே நின்றால் மெழுகு, எண்ணெய் அல்லது ரெசின் பூச்சு இருக்கிறது. அந்தத் தோல் வெஜ் டேனாகவே இருந்தாலும் தண்ணீர் முறைக்கு ஆகாது. காய்ந்த நிலையில் சூட்டில்தான் பதிக்க வேண்டும்.

டை

கல்யாணப் பத்திரிகைக்கு ஃபாயில் அடிக்கும் அச்சகங்களுக்கு பிளாக் செய்து கொடுப்பவர்களிடமே தோலுக்கான டையையும் செய்துகொள்ளலாம். ஆனால் பத்திரிகைக்குச் செய்வது போலவே செய்யச் சொன்னால் ஆழம் போதாது. தாள் 0.3 மி.மீ.; தோல் 1.4. கோடுகளுக்கு நடுவே பள்ளம் குறைந்தது 1.5 மி.மீ. ஆழம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆழம் குறைந்தால் டையின் அடித்தளமும் தோலைத் தொடும். லோகோவைச் சுற்றி ஒரு பளபளப்பான திட்டு விழும். பிறகு அது போகாது.

மக்னீசியம் பிளாக் விலை குறைவு, அமிலத்தில் அரித்து எடுப்பது, சில நூறு பதிவுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் ஈரத்தில் அரிக்கும். கீழே விழுந்தால் மூலை மழுங்கும். கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டிய பித்தளை பல வருடம் உழைக்கும், சூட்டையும் நன்றாகப் பிடித்துவைக்கும். இந்த வேலைக்கு எடுத்தது 7 மி.மீ. பித்தளை. பின்பக்கம் பிரஸ்ஸில் பொருத்த எம்6 (6 மி.மீ.) மரை போட்டது. டெல்ரின் என்கிற அசிட்டால் பிளாஸ்டிக் டை தண்ணீர் முறைக்கு மட்டும் சரி. அதைச் சூடாக்கக் கூடாது. 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. இழையால் செய்தது மாதிரி பார்க்க உதவும். 60 டிகிரியிலேயே அது இளகிவிடும்.

இரும்பு டை வேண்டாம். தோலில் உள்ள டானின் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் நீலக் கறுப்புக் கறை விழும். கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றிய இடத்தில் இரும்புக் கரைசலைத் தொட்டவுடன் கறுப்பு வருவதும் இதே வேதியியல்தான். அங்கே அது வேண்டும், இங்கே வேண்டாம். பிரஸ்ஸின் இரும்புத் தூள், துருப்பிடித்த ஸ்கேல், இரும்புச்சத்து அதிகமுள்ள போர்வெல் தண்ணீர் எல்லாமே இந்தக் கறையைத் தரும்.

தமிழ் எழுத்து டையில் தனிக் கவனம் கேட்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 2.5 மி.மீ. உயரத்தில் தெளிவாக வந்துவிடும். ண, ஞ, ழ, ஷ போன்றவற்றில் சுழியும் உள்வெளியும் நெருக்கம். அழுத்தும்போது தோல் அந்த வெளிக்குள் புடைத்து எழும், வெளி 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் முழுதாக எழ இடமில்லாமல் மொத்தமும் அமுங்கி ஒரு குழியாகத் தெரியும். அதனால் தமிழுக்கு எழுத்தின் உடல் உயரம் 4 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். கோட்டின் தடிமன் 0.4 முதல் 0.5 மி.மீ. ஒரே தடிமனில் ஓடும் எழுத்துரு வேண்டும். மெலிந்தும் தடித்தும் வரும் அலங்கார எழுத்துருவில் மெலிந்த கோடு கத்தியாக வெட்டும், தடித்த கோடு பாதிதான் இறங்கும். புள்ளிக்கு விட்டம் 0.7 மி.மீ. கொடுங்கள். அதைவிடச் சிறிய புள்ளி ஊசியாக மாறி மேல்தோலைக் குத்திவிடும். கொம்புக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே திரையில் போதுமானதாகத் தெரியும் இடைவெளி தோலில் போதாது. எழுத்துகளைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ‘ஸ்ரீ’ இருக்கும் பெயரானால் அந்த எழுத்தை மட்டும் கையால் எளிமைப்படுத்தி வரைந்துகொள்வது நல்லது.

கோப்பை அனுப்பும்போது எழுத்தை எழுத்தாக அனுப்பக் கூடாது. எல்லாவற்றையும் கோடுகளாக மாற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் டை செய்பவரின் கணினியில் எழுத்துரு மாறி, ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். வெட்டுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது அப்படியே பித்தளையில் ஏறும். டை வந்ததும் ஸ்டாம்ப் பேடில் தொட்டுத் தாளில் வைத்துப் பாருங்கள்: டையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்க வேண்டும், தாளில் நேராக விழ வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

எழுத்தின் சுவர் செங்குத்தாக இறங்காமல் 10 முதல் 15 டிகிரி சரிவோடு இருக்க வேண்டும். செங்குத்துச் சுவர் தோலைப் பிடித்துக்கொள்ளும். டையைத் தூக்கும்போது மேல்தோல் பிய்யும். புதிய பித்தளை டையின் முகத்தைக் கண்ணாடிமேல் வைத்த 1000 நம்பர் ஈர எமெரித் தாளில் லேசாக நான்கைந்து முறை தேய்த்து, பிறகு ஒரு தோல் துண்டில் பாலிஷ் தடவி ஓட்டினால் கூர் விளிம்பு போய்விடும். எழுத்து மழுங்கும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம்.

பிரஸ்ஸும் அடித்தளமும்

சுத்தியலால் அடித்துப் பதிப்பது ஓரெழுத்து பஞ்ச் எனப்படும் அச்சு உளிக்குச் சரி. 24 மி.மீ. டையை அடித்தால் ஒரு மூலை ஆழமாகவும் எதிர் மூலை மேலோட்டமாகவும் விழும். இரண்டாவது அடியில் இரட்டை நிழல். கைப்பிடியை இழுத்து அழுத்தும் ஒரு டன் ஆர்பர் பிரஸ் இந்த அளவுக்குப் போதும்.

ஏன் போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 × 14 என்பது 336 சதுர மி.மீ. ஆனால் தோலைத் தொடுவது கோடுகள் மட்டும், கால்வாசி என்று வைத்தால் சுமார் 85 சதுர மி.மீ. ஒரு டன் விசை முழுதாகக் கிடைத்தால் சதுர மி.மீ.க்கு 115 நியூட்டன். அதே பிரஸ்ஸில் 50 மி.மீ. விட்டமுள்ள நிரப்பிய வட்டத்தை வைத்தால் பரப்பு 1,963 சதுர மி.மீ.; அழுத்தம் 5 நியூட்டனாகக் குறைந்துவிடும். லோகோவில் நிரப்பிய பெரிய பகுதி இருந்தால் அதைக் கோடாக மாற்றுங்கள். பெரிய பிரஸ் வாங்குவதைவிட அது மலிவு. பார்க்கவும் நன்றாக இருக்கும்.

தோலுக்கு அடியில் கெட்டியான தளம் வேண்டும். ரப்பர் ஷீட், ஃபோம், மெத்தென்ற எதுவும் வேண்டாம். தோல் கிண்ணம்போல வளையும், எழுத்தின் ஓரம் கூர்மையாக வராது. 10 மி.மீ. இரும்புத் தட்டு, அதன்மேல் 1 மி.மீ. கெட்டி அட்டை. ஈரத்தோல் இரும்பைத் தொடாமலும் அந்த அட்டை பார்த்துக்கொள்ளும். அதை அடிக்கடி மாற்றுங்கள். பழைய பதிவின் பள்ளம் விழுந்த அட்டையில் புதிய பதிவு சீராக வராது.

டை சமமாக இறங்குகிறதா என்று கார்பன் தாள் காட்டிவிடும். வெள்ளைத் தாள், மேலே கார்பன், லேசான அழுத்தம். இடது பக்கம் வெளுத்திருந்தால், இடது பக்கத்தில் டைக்கும் அதைப் பிடிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு துண்டுத் தாள் சொருகுங்கள். சாதாரண 70 ஜி.எஸ்.எம். தாள் 0.1 மி.மீ. தடிமன். அந்த ஒரு தாளே பெரிய வித்தியாசம் தரும்.

வெஜ் டேன்: தண்ணீர் முறை

தோலை வெட்டியதும், தைப்பதற்கும் லைனிங் ஒட்டுவதற்கும் எண்ணெய் பூசுவதற்கும் முன்பே பதிக்க வேண்டும். சாயம் போடுவதானாலும் பதித்துக் காய்ந்த பிறகுதான்.

ஆர்.ஓ. தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, சதைப் பக்கத்தில் ஒருமுறை, மேல்பக்கத்தில் ஒருமுறை சீராகத் தடவுங்கள். லோகோ வரும் இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்ததும் வட்டக் கறை தெரியும். பலகை, அதாவது பர்ஸுக்கு வெட்டிய தோல் துண்டு, முழுதும் நனைய வேண்டும். பிறகு பாலிதீன் பைக்குள் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் மூடி வையுங்கள். மேலே இருந்த ஈரம் நடுவரை போய்ச் சேர இந்த நேரம் தேவை. மழைக்காலத்தில் இரவு முழுதும் விட்டால் பூஞ்சை வரலாம்.

பையிலிருந்து எடுத்ததும் பதிக்கக் கூடாது. நிறம் கிட்டத்தட்டப் பழையபடி வெளுத்து, ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும் நேரம்தான் பதம். அழுத்தும்போது எழுத்தோரம் தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம். பதிந்தது காயக் காய உப்பி எழுந்து மங்கிவிடும். எழுத்தின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஈரம் குறைவு.

டையை இறக்கி, கைப்பிடியில் எடையைக் கொடுத்து 15 முதல் 20 வினாடி நிறுத்துங்கள். நேராகத் தூக்குங்கள். ஆழம் 0.5 மி.மீ. கிடைத்தால் போதும். 1.4 மி.மீ. தோலில் 0.7ஐத் தாண்டினால் பின்பக்கம் மேடு தெரியும். லைனிங் ஒட்டியதும் அந்த மேடு எழுத்தைப் பின்னாலிருந்து தள்ளி மழுங்கடிக்கும். பதிந்த பலகையை நிழலில், தட்டையாக, 12 மணி நேரம். ஹேர் டிரையரோ வெயிலோ காட்டினால் ஓரம் சுருளும்.

ஆட்டுத்தோலில் வரும் ஈ.ஐ. வகை 0.8 முதல் 1 மி.மீ. தடிமன்தான் இருக்கும். அதில் இதே டையை நேரடியாக அழுத்தினால் கிழியும். பின்னால் 1 மி.மீ. வெஜ் டேன் ஸ்ப்ளிட் (தோலைப் பிளந்தெடுத்த அடி அடுக்கு) ஒட்டிவிட்டு, பசை முழுதும் காய்ந்த பிறகு, மேல்பக்கம் மட்டும் லேசாக ஈரப்படுத்திப் பதியுங்கள். ஆட்டுத்தோல் மேற்பரப்பின் நெருக்கமான கிரெயினில் (இயற்கை வரியமைப்பில்) எழுத்து மாட்டுத்தோலைவிட அழகாக நிற்கும்.

இரும்புக் கறை விழுந்துவிட்டால், அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துப் பஞ்சால் பலகை முழுதும் தடவுங்கள். சில நிமிடத்தில் கறை கரையும். நல்ல தண்ணீரால் துடைத்தெடுக்க மறக்க வேண்டாம். கையுறை கட்டாயம், அது நச்சு. சிறிய புள்ளிக் கறைக்கு எலுமிச்சைச் சாறே போதும்.

குரோம்: சூடு

குரோம் தோலை நனைத்து அழுத்தினால் சற்று நேரத்தில் பந்துபோல மீண்டுவிடும். அதில் பதிவைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் மேலிருக்கும் ரெசின் பூச்சுதான்; சூட்டில் இளகி, டையின் வடிவத்தில் அமுங்கி, ஆறியதும் அப்படியே இறுகும். பூச்சே இல்லாத அனிலின் குரோம் தோலில் எவ்வளவு முயன்றாலும் ஆழம் நிற்காததும் இதனால்தான். அதற்கு ஃபாயில் அல்லது தனி வெஜ் டேன் பேட்ச் நல்லது.

சாதனம்: கைப்பிடி ஹாட் ஸ்டாம்பிங் மிஷின், 300 வாட் ஹீட்டர், சூட்டை ஒரே அளவில் வைக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலர். கன்ட்ரோலர் காட்டும் சூடு ஹீட்டர் பிளாக்கின் உள்ளே உள்ளது. டையின் முகத்தில் அது 10 முதல் 20 டிகிரி குறைவாக இருக்கும். மிஷினைப் போட்டு 20 நிமிடமாவது விட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். முகத்தின் சூட்டை இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பார்த்தால் பளபளக்கும் பித்தளை மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பிச் சூட்டை ஏற்றினால் தோல் கருகும். டையின் பக்கவாட்டில் கறுப்பு மேட் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து அதில் அளவெடுங்கள், அல்லது மெல்லிய கே வகைத் தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பியை) முகத்தில் தொடவையுங்கள்.

சோதனைத் துண்டு இல்லாமல் இறங்கக் கூடாது. அதே தோலின் வயிற்றுப் பகுதியில் ஒரு துண்டு, முதுகில் ஒன்று. வயிறு தளர்வாக இருப்பதால் அங்கே எளிதில் ஆழம் விழும், எளிதில் சுருக்கமும் விழும். 80, 95, 110, 125 டிகிரி. ஒவ்வொன்றிலும் 3, 6, 10 வினாடி. பன்னிரண்டு பதிவுகளுக்கும் பக்கத்தில் பேனாவால் எழுதி, ஒரு நாள் விட்டு, விரல்மேல் மடக்கிப் பாருங்கள். எழுத்து நிற்கும் பதிவுகளில் சூடு மிகக் குறைந்தது எதுவோ அதுதான் எடுக்க வேண்டியது. இந்தக் கறுப்புத் தோலில் அது 110 டிகிரி, 6 வினாடி. 125இல் ஓரம் பளிச்சென்று கண்ணாடிபோல மின்னியது, மடக்கியதும் வெடித்தது: பூச்சு வெந்துவிட்டது. 95இல் மறுநாள் பாதி மறைந்தது.

காய்ந்த வெஜ் டேனையும் இதே மிஷினில் 90 முதல் 110 டிகிரியில் பதிக்கலாம். எழுத்து லேசாகக் கறுத்து வரும். எண்ணெய் ஏற்றிய புல்-அப் தோலில் இது மிக அழகு: சூட்டில் எண்ணெய் விலகி நிறம் தானாக மாறும். ஈரம் மட்டும் இருக்கக் கூடாது.

200 டிகிரிக்கு மேல் ஏற்றிக் கருக்கிப் பதிக்கும் பிராண்டிங்கை வெஜ் டேனில் மட்டும், புகை வெளியேறும் இடத்தில் செய்யுங்கள். குரோம் தோலை அதிகம் சூடாக்கினால் அதிலுள்ள மூவிணைதிற குரோமியம் அறுவிணைதிறமாக மாற வழியுண்டு. அது தோல் ஒவ்வாமை தரும் பொருள், புற்றுநோய்க் காரணியும்கூட. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தோல் பொருளில் இதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் பொருளில் கருக்கிய லோகோ தேவையில்லாத வம்பு. லேசர் வெட்டுக்கும் இதே எச்சரிக்கை. பி.வி.சி. பூசிய செயற்கைத் தோலான ரெக்ஸின் என்றால் லேசர் பக்கமே போகாதீர்கள், பி.வி.சி. எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் மிஷினையும் சேர்த்து அரிக்கும்.

ஃபாயில்

தங்க ஃபாயில் கேட்பவர்கள் நிறைய. தாளுக்கான ஃபாயில் தோலில் ஒட்டும், இரண்டு வாரத்தில் உதிரும். தோலுக்கான கிரேடு என்று கேட்டு வாங்குங்கள். பதிக்கும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை மட்டும் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் பூச்சும் வந்துவிடும்.

கிரெயின் மேடுபள்ளமாக இருந்தால் ஒரே அடியில் ஃபாயில் திட்டுத்திட்டாகத்தான் விழும். முதலில் ஃபாயில் இல்லாமல் ஒருமுறை அழுத்தி இடத்தைச் சமமாக்கி, தோலை அசைக்காமல், ஃபாயிலை நுழைத்து மறுபடி 105 டிகிரியில் 2 வினாடி. இதற்காகவே மேசையில் எல் வடிவ அட்டைத் தடுப்பு ஒட்டி, அதில் பலகையின் மூலையை முட்டவைக்க வேண்டும். சுழிகளுக்குள் தங்கம் நிரம்பினால் சூட்டை 5 டிகிரி இறக்குங்கள் அல்லது நேரத்தைக் குறையுங்கள். விளிம்பில் விட்டுப்போனால் முதலில் அழுத்தத்தைச் சமப்படுத்துங்கள், சூட்டை ஏற்றுவது கடைசி. ஒரு நாள் கழித்து செலோடேப் ஒட்டி இழுத்தால் எதுவும் வரக் கூடாது.

லோகோவைத் தையல் கோட்டிலிருந்து 9 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தது. அதைவிட நெருங்கினால், விளிம்பைச் சுத்தியலால் தட்டும்போதும் ஓரம் தேய்க்கும்போதும் எழுத்தின் கீழ்வரி நசுங்குகிறது. பர்ஸ் தைத்து முடிந்த பிறகு லோகோ கேட்டால், கார்டு பாக்கெட்டுக்குள் 2 மி.மீ. அலுமினியத் தகட்டை நுழைத்துச் சூட்டில் பதிக்கலாம். தகடு இல்லாமல் அழுத்தினால் உள்ளே இருக்கும் பாக்கெட் மடிப்பெல்லாம் வெளியே கோடாகத் தெரியும்.

கோணலாகப் பதிந்ததை அழிக்க முடியாது. வெஜ் டேனில் உடனே நனைத்து எலும்பு ஃபோல்டரால் (மடிப்பைத் தேய்க்கும் தட்டையான கருவியால்) தேய்த்தால் ஆழம் பாதியாகும், தடம் இருக்கும். அதன்மேல் இன்னொரு முறை அடித்துச் சரிசெய்ய முயலாமல் அந்தப் பலகையை ஒதுக்கி வையுங்கள். அடுத்த சோதனைத் துண்டு அதுதான்.